முறிதற்கென்று ஆக்கப்படும் அலகு

ஒரு பொருளை ஆக்குவோன் அது நெடுங்காலம் நிலைத்தல் வேண்டும் என்னுங் கருத்துடனேயே ஆக்குகின்றான். குயவன் வனையும் குடமும், தச்சன் இழைக்கும் ஏரும், கொல்லன் அடிக்கும் மண்வெட்டியும் இதற்குப் புறம்பானவையல்ல. பொறியியலறிஞனின் தொழிலும் பெரும்பாலும் இத்தகையதே. ஆயினும் அவனுடைய தொழிலில் ஒரு சிறு பகுதியுண்டு. அதன்கண் அவன் ஒன்றை முறிதற்கென்றே ஆக்குகின்றான். அது வாளா முறிந்தாற் போதாது. குறித்த இடத்தில், குறித்த வேகத்தில், குறித்த கணத்தில் முறிதல் வேண்டும். முன்னரே முறியுமாயின் பல மாத உழைப்பும் பெரும் பொருளும் வீணாம். முறியாது நிற்குமாயினும் அஃதே. வானூர்திகளை இயக்கும் வாயுச்சுழலிப் பொறிகளின் அலகை வேண்டுமென்றே முறித்துப் பார்க்கும் பரிசோதனைக்காக ஆக்கப்படும் இச்சோதனை அலகே ஈண்டு விளக்கக் கருதிய பொருளாகும்.

இது நமக்கு எட்டாத் தொலைவிலுள்ள செய்தியென எண்ண வேண்டுவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது தூரத்தில், களனி கங்கையை அண்டி நிற்கும் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் 1980ஆம் ஆண்டளவு முதலாக வாயுச்சுழலிகள் மின்னாக்கி வந்திருக்கின்றன. கட்டுநாயக்காவிலிருந்து எழும் எயர்பஸ் 330 வானூர்தியிற் பயணஞ் செய்தோர் அதன் சிறகின்கீழ்த் தொங்கும் பெரும் பொறியைச் சாளரத்தின் வழியே கண்டிருப்பர். நம் நாட்டு விமான சேவையின் அவ்வகை வானூர்திகளிற் பூட்டப்பெற்ற றோல்ஸ் றோய்ஸ் ட்ரென்ற் 700 பொறியின் முகப்பு விசிறி ஏறத்தாழ 2.47 மீற்றர் விட்டமுடையது. அதில் 26 அலகுகள் உள. அவ்விருபத்தாறில் ஒன்று பறக்கும்போது முறிந்தால் என்னாகும் என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அத்தகைய பொறி பயணிகளைச் சுமக்க அனுமதிக்கப்படுகின்றது.

பொறியின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். முகப்பிலுள்ள விசிறி காற்றை உள்ளிழுக்கின்றது. அதன் பெரும்பகுதி பொறியின் நடுவுட் புகாது புறவழியே சென்று உந்துவிசையைத் தருகின்றது. எஞ்சிய பகுதி அமுக்கியினால் நெருக்கப்பட்டு, எரியறையில் எண்ணெயுடன் எரிந்து, வெப்பவாயுவாய்ச் சுழலியின் அலகுகள்மீது பாய்கின்றது. அவ்வலகுகள் பெறும் சுழற்சியே அமுக்கியையும் விசிறியையும் சுழற்றுகின்றது. ஆகவே ஒரு பொறியில் முகப்பிற் குளிர்ந்த பெரிய அலகுகளும், பின்புறத்தில் வெந்து சிவந்த சிறிய அலகுகளும், இடையிற் பலவரிசை அமுக்கி அலகுகளும் உள. இவையனைத்தும் வட்டத்தட்டுகளின் விளிம்பிலே, தச்சர் புறாவாற் பொருத்து என வழங்கும் முறையை ஒத்த பள்ளங்களிற் செருகப்பட்டிருக்கும்.

இவ்வலகுகள் தாங்கும் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடைத்து. உயர்தர வகுப்பு மாணவர் எவரும் இக்கணக்கைச் செய்யலாம். 5 கிலோகிராம் திணிவுடைய ஒரு விசிறியலகின் ஈர்ப்புமையம் அச்சிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் இருப்பதாகவும், விசிறி நிமிடத்துக்கு 5000 சுற்றுகள் சுழல்வதாகவும் கொள்வோம். கோணவேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 524 ஆரையன். திணிவையும் ஆரையையும் கோணவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் அலகைப் புறத்தே இழுக்கும் விசை ஏறக்குறைய 685,000 நியூற்றன் என வரும். அஃதாவது 5 கிலோகிராம் நிறையுள்ள ஓர் உலோகத்துண்டின் அடியில் 70 தொன் தொங்குகின்றது. அது கழன்றாலோ, செக்கனுக்கு 262 மீற்றர் வேகத்தில் வெளியே பாயும். அதன் இயக்கசத்தி 171,000 யூல். காலி வீதியில் 1000 கிலோகிராம் நிறையுள்ள மோட்டார் வண்டியொன்று மணிக்கு 66 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதுவதற்கு நிகரானது. வெள்ளவத்தைச் சந்தடியில் அவ்வேகத்திற் செல்லல் இயலாதென்பது வேறு செய்தி. மேலும், மோட்டார் வண்டியின் மோதுகை அதன் முகப்பின் அகலம் முழுவதும் பரவும். அலகின் மோதுகையோ உள்ளங்கையளவான இடத்திற் குவியும்.

சுழலியலகு சிறிது, அதன் துன்பமோ பெரிது. 100 கிராம் நிறையும் 0.3 மீற்றர் ஆரையும் உடையதாய், நிமிடத்துக்கு 14,000 சுற்றுச் சுழலும் ஓர் அலகை எண்ணுக. அதனை இழுக்கும் விசை 64,500 நியூற்றன், ஏறத்தாழ ஆறரைத் தொன். அதனைச் சூழ்ந்து பாயும் வாயுவின் வெப்பநிலையோ அவ்வலகு செய்யப்பட்ட நிக்கற் கலப்புலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சியது. அலகினுள்ளே குடையப்பட்ட நுண்ணிய வழிகளிற் செல்லும் குளிர்காற்றும், மேற்பூச்சுமே அதனை உருகாது காக்கின்றன.

இத்துணைச் சுமையைத் தாங்கும் அலகுகள் எதனால் முறிகின்றன? மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டி தாங்காது என்பதை நாம் இளமையிலேயே படித்திருக்கின்றோம். ஆனால் அலகுகள் பெரும்பாலும் அளவிறந்த சுமையால் முறிவதில்லை. அளவுக்குட்பட்ட சுமையே ஏறியும் இறங்கியும் வருதலால், கண்ணுக்குத் தோன்றாத விரிசலொன்று அடியிலே பிறந்து, ஒவ்வொரு பறப்பிலும் மயிரிழையளவு வளர்ந்து, ஒருநாள் எஞ்சிய உலோகம் தாங்காது அறுகின்றது. இதனை உலோகத்தின் இளைப்பு என்பர். பறவை மோதலும், உட்புகுந்த கல்லும், அதிர்வும், வெப்பத்தால் உலோகம் மெல்ல நீளும் ஊர்வும் ஏனைய காரணங்களாம்.

அதிர்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு 1989 சனவரி 8ஆம் நாள் நிகழ்ந்தது. இலண்டனிலிருந்து பெல்பாஸ்ற்றுக்குச் சென்ற போயிங் 737-400 வானூர்தியின் இடப்பொறியில் ஒரு விசிறியலகு முறிந்தது. உயரத்தில், மிகுந்த ஆற்றலுடன் ஏறும்போது மாத்திரம் தோன்றிய அதிர்வொன்று அதனை இளைக்கச் செய்திருந்தது. தரையிற் செய்த பரிசோதனைகள் அவ்வதிர்வை வெளிப்படுத்தவில்லை. விமானிகள் தவறுதலாக நல்ல பொறியை நிறுத்திவிட, வானூர்தி கெக்வேர்த் என்னும் ஊரருகே வீழ்ந்து 126 பேரில் 47 பேர் மாண்டனர். நமது அண்டை நாட்டிலும் இச்சிக்கல் தலைகாட்டியது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், இந்தியாவின் இண்டிகோ நிறுவனத்தின் எயர்பஸ் 320 நியோ வானூர்திகள் சிலவற்றில், பிறற் அன்ட் விற்னி பொறியின் தாழமுக்கச் சுழலியின் மூன்றாம் வரிசை அலகுகள் முறிந்தமையால் பொறிகள் வானிலேயே நிறுத்தப்பட நேர்ந்தது. நொறுங்குமியல்பு கூடிய தைத்தேனியம்-அலுமினியச் சேர்வையாலான அலகுகளை நீக்கி நிக்கற் கலப்புலோக அலகுகளைப் பூட்டுமாறு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் 97 வானூர்திகள் குறித்து அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமையகம் ஆணையிட்டது. அந்நிகழ்ச்சிகளில் உயிரிழந்தார் எவருமிலர். முறிந்த அலகுகளை உறை தன்னுள் அடக்கிக் கொண்டமையே அதற்குக் காரணம். அடக்கும் என்று எவ்வாறு முன்னரே அறிந்தனர்? முறித்துப் பார்த்தே அறிந்தனர்.

ஐக்கிய அமெரிக்க விதிநூலில் 33.94 என்னும் எண்ணுடைய பிரிவு, 1984ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது, இப்பரிசோதனையை வகுத்துரைக்கின்றது. ஐரோப்பிய விதிகளும் இதனையொத்தனவே. அதன் சாரம் வருமாறு. பொறி அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்திற் சுழலும்போது, மிகப் பெருங் கேடு விளைக்கக்கூடிய விசிறி அல்லது அமுக்கி அலகு ஒன்று, தட்டின் பள்ளத்தில் அதனைப் பற்றி நிற்கும் வெளிப்புற வரையிலே முறிதல் வேண்டும். தட்டும் அலகும் ஒரே உலோகத்திற் கடையப்பட்டதாயின் அலகின் எண்பது வீதமாவது பிரிதல் வேண்டும். அதன்பின் பொறி உடைபொருள்களைத் தன்னுள் அடக்க வேண்டும், தீப்பற்றலாகாது, சிறகிலிருந்து கழன்று விழலுமாகாது. கேட்டின் விளைவாகப் பொறி தானே நின்றாலன்றி, குறைந்தது 15 செக்கன் இயங்க விடப்படும். விமானி நிகழ்ந்ததை உணர்ந்து செயற்படக் கொள்ளுங் காலம் அதனுள் அடங்கும்போலும். இதேபோன்று மிகக் கேடான சுழலியலகு ஒன்றும் முறிதல் வேண்டும். இவ்விரண்டனுள் சமநிலைக் கேட்டைக் குறைவாக விளைக்கும் பரிசோதனைக்கு மாத்திரம், உறுப்புகளைத் தனித்துச் சோதித்த முடிவுகளையும் கணக்கையும் பதிலாகக் காட்டலாம். பெரும்பாலும் இச்சலுகையைப் பெறுவது சுழலியலகே.

இனிச் சோதனை அலகை ஆக்கும் வகையைக் காண்போம். சிக்கலின் சுவையெல்லாம் இங்கேதான் உள்ளது.

உண்மையான முறிவிலே விரிசல் பல்லாயிரம் பறப்புகளில் வளர்கின்றது. சோதனை மேடையில் அத்துணைக் காலங் காத்திருத்தல் இயலாது. விரிசலுக்கு ஈடாக அறிஞன் தானே ஒரு நலிவை அலகின் அடியிற் புகுத்துகின்றான். ஆயின் அந்நலிவைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவ்வலகு ஏனைய அலகுகளைப் போன்றே இருத்தல் வேண்டும். பிரிந்து செல்லும் துண்டின் நிறையும், வடிவும், உறையை நோக்கிப் பாயும்போது அது திரும்பும் கோணமும் மாறலாகாது. மாறுமாயின் நாம் சோதிப்பது நாமே படைத்த வேறொரு விபத்தாகிவிடும்.

விசிறியலகு குளிர்ந்த இடத்தில் இருப்பது ஒரு வசதி. அதன் அடிப்பகுதியில் துளையிட்டு, ஒரு பகுதியை முன்னரே வெட்டி நலிவித்து, எஞ்சிய உலோகத்தை அறுப்பதற்கு மட்டும் போதுமான சிறிது வெடிமருந்தை வைக்கின்றனர். சுழலும் தண்டிலிருந்து நழுவு வளையங்கள் வாயிலாக மின்கம்பிகள் வெளியே வருகின்றன. பொறி உச்ச வேகத்தை அடைந்து நிலைபெற்றபின் ஒரு விசையை அழுத்தினால் அலகு பிரியும். கணத்தைத் தெரிவு செய்யும் உரிமை மனிதன் கையில் இருப்பது இம்முறையின் சிறப்பு. அதன் குறை யாதெனில், வெடிமருந்து மிகுமாயின் அது அலகை உந்தி அதன் பாதையை மாற்றும். தட்டின் பள்ளத்து விளிம்பையும் சிதைக்கும். ஆகவே வெடிமருந்தின் அளவைக் குறைப்பதற்காகவே உலோகம் முன்னரே வெட்டப்படுகின்றது. அவ்வாறு வெட்டப்பட்ட அலகு, வெடிக்கு முன்னர் அந்த 70 தொன் சுமையையும் தாங்கி நிற்கவும் வேண்டும். மிகுதியாக வெட்டினால் தானே அறும். குறைவாக வெட்டினால் வெடிமருந்து மிகும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியே அவனுக்குரியது.

சுழலியலகில் இவ்வழியும் அடைபட்டுவிடுகின்றது. அங்குள்ள வெப்பத்தில் வெடிமருந்து நாம் சொல்லும் வரை காத்திராது. எனவே அலகின் அடியிலே இருபுறமும் வெட்டி, நடுவே ஒரு கழுத்தை மாத்திரம் எஞ்சவிட்டு, அக்கழுத்து உச்ச வேகத்தில் தானாகவே அறுமாறு செய்கின்றனர். மேலே நாம் கொண்ட எடுத்துக்காட்டில், வெட்டுக்கு மேலுள்ள பகுதியை இழுக்கும் விசை 64,500 நியூற்றன். அவ்வெப்பநிலையிற் கலப்புலோகத்தின் இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்கு 900 நியூற்றன் எனின், கழுத்தின் பரப்பு ஏறத்தாழ 72 சதுர மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். சுண்டுவிரலின் நுனியளவு என்னலாம்.

இவ்விடத்தில் இயற்கை அறிஞனுக்கு ஓர் உதவி செய்கின்றது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வலிமையை மதிப்பிடுவதில் நேரும் பிழை வேகத்திற் பாதியளவாகவே வெளிப்படும். உலோகம் நாம் எண்ணியதிலும் பத்து வீதம் வலியதாயின், 14,000 சுற்றில் அறவேண்டியது ஏறத்தாழ 14,680 சுற்றில் அறும். பத்து வீதம் மெலியதாயின் 13,280 சுற்றில் அறும். தொடக்கத்தில், பொறி 9000 சுற்றில் மெல்ல ஓடும்போது கழுத்தின் மீதுள்ள சுமை முடிவுச் சுமையின் 41 வீதமே. ஆகவே பொறியை அச்சமின்றித் தொடக்கலாம். ஆயினும் ஐந்து வீதப் பிழையும் பொறுக்கத்தக்கதன்று. உச்ச வேகத்தை எட்டுமுன் அறுந்த அலகு விதியை நிறைவு செய்யாது. உச்ச வேகத்தைத் தாண்டியும் அறாத அலகோ இன்னும் தொல்லையானது. வேகத்தை மேலும் கூட்டுவதா, நிறுத்தித் திறந்து மீண்டும் வெட்டுவதா என்னும் இக்கட்டில் அது அறிஞனை நிறுத்திவிடும்.

இப்பிழையைக் குறைப்பதிலேயே உழைப்பின் பெரும்பகுதி செல்கின்றது. கைநூலில் அச்சிட்ட வலிமை எண் இங்கே போதாது. சோதனை அலகு எந்த உருக்கிலிருந்து வார்க்கப்பட்டதோ அதே உருக்கிலிருந்து வார்த்த மாதிரித் துண்டுகளை, அதே வெட்டுடன், அதே வெப்பநிலையில் இழுத்து முறித்துப் பார்க்க வேண்டும். வெட்டின் வடிவும் தன் பங்கைக் கேட்கும். நீட்சியியல்புள்ள உலோகத்தில், வெட்டைச் சூழ்ந்த பகுதி கழுத்து ஒடுங்குவதைத் தடுத்தலால், கழுத்து எதிர்பார்த்ததிலும் வலியதாய் நிற்பதுண்டு. நொறுங்குமியல்புள்ள உலோகத்தில் வெட்டின் முனையிலே தகைப்புக் குவிதலால் முன்னதாகவே அறுவதுண்டு. இருபுற வெட்டுகளும் ஒத்திராவிடின் கழுத்து இழுபடுவதோடு வளையவுஞ் செய்யும்; வாயுவின் தள்ளுகையும் அவ்வளைவைக் கூட்டும். மில்லிமீற்றரின் சிறு பின்னங்கள் பொருட்படுவதால், வெட்டும் கருவி உலோகத்தைத் தொடாது மின்பொறியால் அரித்தெடுக்கும் முறையே கையாளப்படுகின்றது.

அடுத்து வெப்பம். அடிப்பகுதியின் வெப்பநிலையை முப்பது நாற்பது பாகை பிழைபடக் கணித்தால் வலிமைக் கணக்கும் பிழைபடும். வெட்டு குளிர்காற்று வழியின் குறுக்கே சென்றால், காற்று அவ்வழியே கசிந்து, நாம் அளந்து வைத்த வெப்பநிலையே மாறிவிடும். காலமும் ஒரு பகையே. வெந்த உலோகம் சுமையின்கீழ் நிற்க நிற்க ஊர்ந்து நீள்வதால், 14,000 சுற்றை ஒரு நிமிடத்தில் எட்டினால் அறாத கழுத்து, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் அதனிலும் குறைந்த வேகத்திலேயே அறக்கூடும். எனவே பொறியை எவ்வாறு வேகப்படுத்துவது, எங்கெங்கே எத்தனை செக்கன் நிறுத்துவது என்பதும் அலகின் வரைபடத்தோடு சேர்த்து எழுதப்பட வேண்டியதாகின்றது. சிலர் இப்பகையையே நண்பனாக்கிக் கொள்வர். கழுத்தருகே சிறிய மின்னடுப்பொன்றை வைத்து, வேகம் நிலைபெற்றபின் அதனைச் சூடாக்கி, உலோகத்தை மெலிவித்து அறச் செய்வர். அவ்வாறு செய்தால், வெடிமருந்து இன்றியே கணத்தைத் தெரிவு செய்யும் உரிமை ஓரளவு திரும்பக் கிடைக்கின்றது.

தனிப்பளிங்கு அலகுகள் வந்தபின் மற்றொரு நுட்பமும் சேர்ந்தது. பழைய வார்ப்புகளில் உலோகம் எண்ணற்ற சிறு மணிகளாக உறையும். தனிப்பளிங்கு அலகிலோ முழு அலகும் ஒரே பளிங்காக வளர்க்கப்படுகின்றது. மணிகளின் எல்லைகளே அதில் இல்லை. ஆயின் அத்தகைய உலோகத்தின் இயல்பு திசைக்குத் திசை வேறுபடும். வெட்டுவதற்கு முன்னர் அவ்வலகின் பளிங்குத் திசையைக் கதிர்ப்படத்தால் அறிந்து, அதற்கேற்பக் கழுத்தை அளவிட வேண்டும். இவ்வலகுகளை வார்க்கும் வித்தை உலகிற் சில நாடுகளுக்கே கைவந்தது. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் உலங்குவானூர்திப் பொறியொன்றுக்காக அத்தகைய அலகுகள் அறுபதை 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. காவேரி என்று நம் ஆற்றின் பெயரைத் தாங்கிய போர்வானூர்திப் பொறியைப் பெங்களூரிலே, 1959இற் கான்பூரில் தொடங்கி 1961இல் அங்கு மாறிய வாயுச்சுழலி ஆராய்ச்சி நிறுவனம், 1989 முதல் உழைத்து ஆக்கிய வரலாற்றை அறிந்தோர், வெப்பமிகு பகுதியின் அலகுகளே இத்துறையின் திறவுகோல் என்பதை ஒப்புவர்.

இத்துணையும் செய்தபின்னும் அலகை நேரே பொறியிற் பூட்டிவிடுவதில்லை. முதலிற் சுழற்குழியிற் சோதிப்பர். அஃது எஃகு வளையங்களால் உட்புறம் காக்கப்பட்ட ஒரு குழி. காற்றின் தடையை நீக்குவதற்காகக் காற்று வெளியேற்றப்படும். தட்டும் அலகும் மெல்லிய தண்டொன்றில் மேலிருந்து தொங்கவிடப்பட்டுச் சுழற்றப்படும். கழுத்து எவ்வேகத்தில் அறுகின்றது என்பதை அங்கே பலமுறை கண்டறிந்து அளவைத் திருத்துவர். முழுப்பொறியை ஒருமுறைதான் அழிக்கலாம். குழியிலே தட்டுகளையும் அலகுகளையும் மாற்றி மாற்றிச் சுழற்றலாம்.

தட்டைப் பற்றியும் ஒரு சொல். அலகை உறை தடுத்து நிறுத்தும். தட்டே உடைந்தால் அதனைத் தடுத்து நிறுத்தவல்ல உறையை ஆக்கினால் வானூர்தி அதனைச் சுமந்து பறத்தல் அரிது. 1989 யூலை 19இல் அமெரிக்காவின் சூ நகரில் வீழ்ந்த டி.சி. 10 வானூர்தியின் வால்பொறியில் விசிறித்தட்டே பிளந்து, மூன்று நீரியல் குழாய்த் தொகுதிகளையும் அறுத்துவிட்டது. ஆதலின் பொறியை வகுப்போர் வலிமையை ஒரு படிவரிசையில் அமைப்பர். அலகின் உடல் முதலில் முறியலாம்; அதன் அடி அதனிலும் வலியதாக வேண்டும்; தட்டின் பள்ளத்து விளிம்பு அதனிலும் வலியதாக வேண்டும்; தட்டு யாவற்றினும் வலியதாக வேண்டும். சோதனை அலகு அறும்போது, தட்டின் விளிம்பு சிறிதும் நெகிழாது நின்றதா என்பதும் பரிசோதனையின் ஒரு வினாவாம்.

பரிசோதனை நாளைப் பற்றி விரித்துரைக்க அதிகமில்லை. பல மாத ஆயத்தம் ஓரிரு செக்கனில் முடிந்துவிடும். உயர்வேகப் படக்கருவிகள் காட்டுவது இது: பிரிந்த அலகின் நுனி முதலில் உறையைத் தாக்கி நசுங்குகின்றது, அதன் பின்னே வரும் அலகு அதன் முதுகில் மோதுகின்றது, பின்னர் கனத்த அடிப்பகுதி சுழன்று வந்து இரண்டாவது அடியை அடிக்கின்றது. உறையை ஊடுருவ வல்லது பெரும்பாலும் இவ்விரண்டாம் அடியே. உலோக உறைமீது கெவ்லார் என்னும் வலிய இழைத்துணியைப் பல சுற்றுகள் சுற்றும் வழக்கம் இதனை ஏற்கவே எழுந்தது. அலகு போனபின் எஞ்சிய விசிறி சமநிலை இழந்து, முன்னே அலகை இழுத்த அதே 70 தொன் விசையால், செக்கனுக்கு எண்பது முறைக்கு மேல் பொறியைச் சுற்றிச் சுற்றி உலுக்கும். சிறகுடன் பிணைக்கும் இணைப்புகள் சோதிக்கப்படுவது அப்போதுதான்.

இங்ஙனம் ஒரு பொறி பரிசோதனையில் தேறிவிட்டால் அச்சம் முற்றும் நீங்கிற்று எனலாமா? 2018 ஏப்பிரல் 17ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட சவுத்வெஸ்ற் நிறுவனத்தின் போயிங் 737-700 வானூர்தி இவ்வினாவை எழுப்பியது. அதன் இடப்பொறியின் 24 விசிறியலகுகளுள் ஒன்று, 32,000க்கு மேற்பட்ட பறப்புகளின் பின், அடியிலே வளர்ந்த இளைப்பு விரிசலால் முறிந்தது. பொறியின் உறை தன் கடமையைச் செய்தது. அலகை ஊடுருவ விடவில்லை. எனினும் ஒரு பயணி உயிரிழந்தார். எவ்வாறெனின், அலகு உறையின் அடிப்பாகத்தருகே, பொறியைப் போர்த்தியுள்ள மெல்லிய வெளிமூடியின் இணைப்பொன்று இருந்த இடத்தை அண்டித் தாக்கியது. உறையின் நெளிவு அவ்விணைப்பின் வழியே மூடிக்குச் சென்று மூடியைக் கிழித்தது. கிழிந்த துண்டொன்று பயணியின் அருகிலிருந்த சாளரத்தை உடைத்தது. அவ்வகைப் பொறிக்கு முன்னர் நடத்திய அலகு முறிப்புப் பரிசோதனையில் இவ்விளைவு தோன்றவில்லை. கடிகார முகத்தில் எந்த மணியின் இடத்தில் அலகு மோதுகின்றதோ அதற்கேற்ப விளைவு வேறுபடும் என்பது விபத்தின் பின்னரே தெளிவாயிற்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, மிகக் கேடான மோதுமிடத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப வெளிமூடியை வகுக்குமாறு பரிந்துரைத்தது.

இந்நிகழ்ச்சியை யான் சற்று விரித்துரைத்தமைக்குக் காரணமுண்டு. மிகக் கேடான அலகு எது என்று விதி கேட்கின்றது. எவ்விடத்தில் முறித்தால் மிகக் கேடு என்று அது அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை. வெடிமருந்தைப் பயன்படுத்தும் முறையிலே, சுழற்சியின் எந்தக் கோணத்தில் அலகு பிரிய வேண்டும் என்பதை ஓரளவு தெரிவு செய்யலாம். தானே அறும் கழுத்திலோ அவ்வுரிமை கிட்டுவதில்லை. செக்கனுக்கு இருநூறு முறைக்கு மேல் சுற்றும் தட்டிலிருந்து அது எந்தப் பக்கம் பாயுமென்று எவரால் உரைக்க முடியும்? ஆகவே ஒருமுறை முறித்துப் பார்த்ததைக் கொண்டு கணனி மாதிரியொன்றைச் சரிபார்த்து, அம்மாதிரியிற் கோணத்தை மாற்றி மாற்றி நூறுமுறை முறித்துப் பார்க்கும் வழக்கம் இன்று வளர்ந்துள்ளது. கணனியே போதும், பொறியை அழிப்பானேன் என்று வாதிப்போரும் உளர். எனக்கு அவ்வாதம் உடன்பாடன்று. கெக்வேர்த்திலே அதிர்வைக் காட்டத் தவறியது தரைப் பரிசோதனை. சவுத்வெஸ்ற் நிகழ்ச்சியில் இணைப்பைக் காட்டத் தவறியதும் ஒரு பரிசோதனையே. ஆயினும் மாதிரிக்கு உண்மையைக் கற்பித்தது முறிந்த உலோகமே அன்றி மாதிரி அன்று. கெவ்லார் துணி கிழியும் வகையையும், அலகின் நுனி நசுங்கும் வகையையும் எவரும் சமன்பாட்டிலிருந்து முதலிற் பெற்றாரில்லை.

பரிசோதனை முடிந்தபின் துண்டுகளைப் பொறுக்கும் வேலை தொடங்குகின்றது. ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டு, அது கிடந்த இடத்தைக் குறித்து, உறையின் எந்த வடுவை எத்துண்டு செய்தது என்று பொருத்திப் பார்ப்பர். யாவற்றுக்கும் முன்னதாக எடுத்துப் பார்க்கப்படுவது சோதனை அலகின் அடியில், தட்டின் பள்ளத்திலேயே தங்கிவிட்ட சிறு கட்டைத்துண்டு. அதன் முறிந்த முகம் சீராக இழுபட்டு அறுந்த சாயலைக் காட்டினால் கணக்கு நேரியது. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் வெட்டுண்டும் இருந்தால் கழுத்து வளைந்து அறுந்தது என்று பொருள். அவ்வாறாயின், உறை முழுமையாகத் தாங்கி நின்றபோதிலும், அலகு தான் செல்ல வேண்டிய பாதையிலேயே சென்றதா என்னும் வினாவுக்கு அறிஞன் மீண்டும் படச்சுருளின் முன் அமர்ந்து விடை தேட வேண்டியவனாகின்றான்.